டீச்சரைப் பற்றி ஒரு பக்கம்

டீச்சர் போய்ச் சேர்ந்த நாலாம் நாள் மருத்துவமனை அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வெளிநோயாளர் கூடத்தில் நினைவுக் கூட்டம். அன்னாரின் வாழ்க்கைக் குறிப்பை ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதித் தரவும் என்று அதில் இருந்தது. லேப் அக்கா அதைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"எண்பத்து நாலு வருஷம். ஒரு பக்கம். மிகாமல். எங்கம்மா மிகாம இருந்த நாள் ஒண்ணு சொல்லு பார்ப்போம்."

நான் அந்த வீட்டு மாடியில் பதினொரு வருடமாகக் குடியிருப்பவன். அதே மருத்துவமனையில் எக்ஸ்ரே பிரிவில் வேலை. அக்காவுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடம். முப்பத்தாறு வருடமாக ஊசியும் குழாயுமாக நிற்கிறார். மருத்துவமனையில் எல்லாருக்கும் அவர் லேப் அக்காதான். அவருடைய அம்மாதான் டீச்சர்.

டீச்சர் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு பெற்றார். மறுநாள் காலை எட்டு மணிக்கு, யாரும் அழைக்காமலே, மகள் வேலை பார்க்கும் மருத்துவமனை வாசலில் ஒரு மர நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வருகிறவர்களுக்கு வழி சொல்வது, படிக்கத் தெரியாதவர்களுக்குப் படிவம் நிரப்புவது, மருந்துச் சீட்டைப் படித்துக் காட்டுவது. சீட்டைத் தொலைத்துவிடுகிறார்கள் என்று அறை எண்ணைப் பேனாவால் உள்ளங்கையில் எழுதி அனுப்புவார். சம்பளம் கிடையாது. இருபத்தைந்து வருடம், ஞாயிறு தவிர ஒரு நாள் விட்டதில்லை.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். பக்கத்தில் இருந்து பட்டவர்களைக் கேட்க வேண்டும். சுவரில் இருக்கும் அறிவிப்புப் பலகைகளில் ஒற்றுப் பிழை கண்டால் சிவப்பு மையால் திருத்திவிடுவார். புகார் லேப் அக்காவுக்கு வரும். டாக்டர் பத்து நிமிடம் தாமதித்தால், "உங்களுக்கு மணி பார்க்கத் தெரியுமா, இல்லை சொல்லித் தரணுமா?" என்று நோயாளிகள் முன்னாலேயே கேட்பார். அதற்கும் புகார் லேப் அக்காவுக்கே. யாராவது ஒரு பெண்ணைக் கையைப் பிடித்து அழைத்துவந்து, "பாவம், ரொம்ப தூரத்துல இருந்து வந்திருக்கா, முதல்ல ரத்தம் எடுத்து அனுப்பு" என்பார். அக்கா எடுத்து அனுப்புவார். அன்று சாயங்காலம் வீட்டில் விசாரணை நடக்கும். "வரிசையை மீறி எடுத்தியாமே? இப்படித்தான் வேலை பார்க்கிறியா?"

"நீங்கதானேம்மா கூட்டிட்டு வந்தீங்க!"

"நான் கேட்பேன். நீ முடியாதுன்னு சொல்லணும்."

 அக்கா தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வார்.

கடைசியில் நுரையீரலில் சளி கட்டி ஒன்பது நாள் வார்டில் கிடந்தபோதும், குளுக்கோஸ் பாட்டிலில் நர்ஸ் எழுதிய நேரம் தப்பு என்று சைகையில் காட்டித் திருத்த வைத்தார். அதோடு முடிந்தது.

*

குறிப்பு எழுதும் பொறுப்பைத் தம்பிக்காரர் எடுத்துக்கொண்டார். அக்காவுக்கு ஒரு வயது இளையவர். தூரத்தில் ஒரு கப்பல் நிறுவனத்தில் பெரிய அதிகாரி. சடங்கெல்லாம் முடிந்தும் கூட்டத்துக்காகத் தங்கியிருந்தார். வெளியே நான்கு நாளாக விடாத தூறல். துவைத்த துணியெல்லாம் கூடத்திலேயே கொடி கட்டிக் காய்ந்துகொண்டிருந்தது. ஈரப் புடவைக்கும் ஈரத் துண்டுக்கும் நடுவே சாப்பாட்டு மேசையில் கணினியைத் திறந்து வைத்து, எழுதியதைத் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

"அறியாமை இருளகற்றிய அறிவுச் சுடரே..."

"சுடரா?" என்றார் அக்கா, அடுப்படியிலிருந்து. "கரண்ட் போனா ஒரு மெழுகுவத்தி எங்க இருக்குன்னு தெரியாது அவங்களுக்கு. மேல படி."

"குறுக்க பேசாதக்கா. 'கடமை என்று வந்துவிட்டால் குருதி உறவையும் பொருட்படுத்தாது, பெற்ற மகளையே எட்டாம் வகுப்பில் இரண்டு மதிப்பெண்ணில் தோல்வியுறச் செய்த நீதியின் திருவுருவே...'"

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

அக்காவின் வீட்டுக்காரர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். தரையில் செய்தித்தாளை விரித்து ஏதோ ஒரு வால்வைத் துடைத்துக்கொண்டிருந்தவர் தலை தூக்கினார். "தோல்வியுறச் செய்தன்னா?"

"பெயிலாக்கினாங்கன்னு அர்த்தம், மாமா."

"அதை எதுக்கு அவ்வளவு நீளமா?" என்று கேட்டுவிட்டு அவர் மறுபடி வால்வுக்குள் போய்விட்டார்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "அதை எடு."

"எதை?"

"அந்தப் பெயில் கதையை எடு. அது இருந்தா நான் கூட்டத்துக்கு வரமாட்டேன்."

"அக்கா, ஊருக்கே தெரிஞ்ச கதை அது. அம்மான்னாலே அதைத்தான் சொல்றாங்க. அதை விட்டா வேற என்ன இருக்கு?"

"முப்பத்து மூணு வருஷம் வாத்தியார் வேலை, இருபத்தஞ்சு வருஷம் ஆஸ்பத்திரி. அவ்வளவும் செஞ்சு, கடைசியில நான் பெயிலானதுதான் அவங்க சாதனையா? அவங்களுக்கு அது பெருமைடா. எனக்கு அது என்னன்னு யாராவது கேட்டீங்களா?"

தம்பிக்காரர் கணினியை மூடினார். மூடிய விதத்திலேயே, அதை எடுக்கப்போவதில்லை என்று தெரிந்தது.

அக்கா சொன்னதில் தப்பில்லை. அந்த வாரம் துக்கம் கேட்க வந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் அந்தக் கதையைத்தான் சொன்னார்கள். தபால்காரர் சொன்னார். பேக்கரிக்காரர் ஒரு பை நிறைய ரொட்டியோடு வந்து சொன்னார். பெயிலான ஆள் எதிரிலேயே தேநீர் கொடுத்துக்கொண்டு நிற்கிறாளே என்ற கூச்சமே இல்லாமல், "பெத்த பொண்ணையே விடலையே!" என்று உச்சுக்கொட்டினார்கள். ஒருவர் மட்டும் அக்காவை ஏற இறங்கப் பார்த்து, "அந்தப் பொண்ணு நீங்கதானா? பரவாயில்லை, அப்புறம் முன்னேறிட்டீங்க" என்றார். அக்கா அவருக்குத் தேநீரில் சர்க்கரை போடவில்லை.

பெயிலானதற்குப் பிறகு நடந்ததை அக்கா ஒரு நாள் என்னிடம் சொல்லியிருக்கிறார். ஒரு வருடம் பின்தங்கியதால் தம்பி படித்த வகுப்பிலேயே போய் உட்கார வேண்டியதாயிற்று. தம்பி முதல் ரேங்க். ஒரே வீட்டிலிருந்து ஒரே வகுப்புக்கு இரண்டு பேர். ஒவ்வொரு தேர்விலும் இரண்டு மதிப்பெண் அட்டைகளும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்பட்டன. பள்ளி முடிகிற வரைக்கும் அதே கதைதான். "அதுக்கப்புறம் எனக்குக் கணக்குன்னாலே கை நடுங்கும். ஊசி குத்தும்போது நடுங்காது. கூட்டல் போட்டா நடுங்கும்" என்றார்.

*

புதன்கிழமை காலை பத்து மணிக்கு டிரில் மாஸ்டர் வந்தார். டீச்சரோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்தவர். தொண்ணூறு வயது. பேரன் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான். குடையை மடக்க முடியாமல் வாசலில் கொஞ்ச நேரம் போராடினார். நான் போய் வாங்கி மடக்கினேன். எனக்கு அன்று விடுமுறையாதலால் நானும் கீழேதான் இருந்தேன்.

அவர் உட்கார்ந்ததும் தம்பிக்காரர் ஆசையாகத் தான் எழுதியதை வாசித்துக் காட்டினார். நீதியின் திருவுருவே என்ற இடம் வந்ததும் மாஸ்டர் கையை உயர்த்தினார்.

"அதை எடுத்துடுப்பா."

"நீங்களுமா சார்?"

"அச்சில வர வேண்டாம். அது பொய்."

 அக்கா தேநீர்த் தட்டோடு நடுவில் நின்றார்.

"என்ன பொய், சார்?" என்றார் அக்கா.

"உக்காரு பாப்பா."

"நான் நிக்கறேன். சொல்லுங்க."

மாஸ்டர் தேநீரை எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு முழங்கால்களையும் கையால் தேய்த்துக்கொண்டே பேசினார். "அப்போ மார்க் ரிஜிஸ்டர் எழுதறது நான்தான். உங்கம்மா முப்பத்து மூணுன்னு கொடுத்தாங்க, நான் முப்பத்து மூணுன்னு எழுதினேன். பாஸுக்கு முப்பத்தஞ்சு. ரிசல்ட் ஒட்டியாச்சு. லீவு முடிஞ்சு ஸ்கூல் திறந்த நாலாவது நாள், விடைத்தாளையெல்லாம் கட்டி ஆபீஸ்ல ஒப்படைக்கணும். கட்டும்போது உங்கம்மா உன் பேப்பரைத் திருப்பிப் பார்த்திருக்காங்க. கடைசிப் பக்கத்தைத் திருத்தவே இல்லை. பக்கம் ஒட்டிக்கிட்டிருந்திருக்கு. அதுல எட்டு மார்க் கணக்கு ஒண்ணு. சரியாப் போட்டிருந்தே."

அக்காவின் கையிலிருந்த தட்டை நான் வாங்கிக்கொண்டேன். அவர் கொடுத்தது அவருக்கே தெரிந்திருக்காது.

"முக்கோணம்" என்றார் அக்கா.  "ரெண்டு முக்கோணமும் சமம்னு காட்டற கணக்கு. நான் போட்டேன். பரீட்சை முடிஞ்ச அன்னைக்கே வீட்டுல சொன்னேன். ரிசல்ட் வந்ததும் பேப்பரைக் காட்டுங்கம்மான்னு கேட்டேன். டீச்சர்கிட்ட பேப்பர் கேக்கற பழக்கம் எங்கிருந்து வந்ததுன்னாங்க. பொய் சொல்லாதேன்னாங்க."

"ஆமா பாப்பா. நாப்பத்தொண்ணு நீ. பேப்பரை எடுத்துக்கிட்டு நேரா என்கிட்ட வந்தாங்க. உதடெல்லாம் வெளுத்துப் போச்சு. என்ன சார் பண்றதுன்னு கேட்டாங்க. அதுக்குள்ள பெரியவர், அதான் ஹெட்மாஸ்டர், காலைக் கூட்டத்துல இவங்களைப் பத்திப் பேசிட்டாரு. எல்லாப் பிள்ளைங்களும் கை தட்டினாங்க. ஊரெல்லாம் அதே பேச்சு. இப்போ மாத்தினா, பொண்ணுக்காக மார்க் போட்டுட்டாங்கன்னு சொல்லுவாங்களேன்னு பயந்தாங்க. நான்தான் சொன்னேன், விடுங்க டீச்சர், ஒரு வருஷம்தானே, சின்னப் பொண்ணுதானேன்னு." அவர் நிறுத்தி மூச்சு வாங்கினார். "நான் உயிரோட இருக்கற வரைக்கும் சொல்லாதீங்க சார்னு கேட்டுக்கிட்டாங்க. சரின்னேன்."

"பேப்பர் எங்க?"

"மூணு வருஷத்துல எரிச்சுடுவாங்க. எல்லாம் போச்சு."

"ஒரு வருஷம்தானே" என்றார் அக்கா. அதை அவரிடம் சொல்லவில்லை. கொடியில் தொங்கிய ஈரத் துண்டைப் பார்த்துச் சொன்னார். பிறகு திரும்பி, "ஏன் சார், நாப்பத்தாறு வருஷம்! நடுவுல ஒரு நாள்கூட உங்க வாய் திறக்கலையா? என் கல்யாணத்துக்கு வந்தீங்க. வயிறாரச் சாப்பிட்டீங்க. அப்பவாவது காதோட ஒரு வார்த்தை, 'நீ பாஸ் பாப்பா'ன்னு சொல்லியிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?"

"தப்புதான்" என்றார் மாஸ்டர். "தப்பு என்னுதும்தான்."

"இப்ப தப்புன்னு சொன்னா ஆச்சா? யாரைப் போய்க் கேப்பேன் நான்? போட்டோவையா?"

மெக்கானிக் அண்ணன் எழுந்து வந்தார். மாஸ்டருக்கு ஆறிப்போன தேநீருக்குப் பதில் வேறு தேநீர் தானே போட்டுக் கொடுத்தார். அந்த வீட்டில் அவர் அடுப்புப் பக்கம் போய் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சர்க்கரை எங்கே என்று கேட்க வாய் வராமல், சர்க்கரை இல்லாமலே கொடுத்தார். மாஸ்டர் மறுபேச்சில்லாமல் குடித்தார்.

தம்பிக்காரர் மட்டும் மெதுவாக, "அக்கா, இதை இப்போ வெளியில சொல்லாம இருக்கறதுதான் நல்லது. செத்தவங்க பேரு..." என்று ஆரம்பித்தார்.

"நீ வாயை மூடு" என்றார் அக்கா.

*

வியாழக்கிழமை அக்கா வேலைக்கு வந்துவிட்டார். இடைவேளையில் நான் லேப்புக்குப் போனேன். ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாய்களைச் சுழல் இயந்திரத்தில் எதிரெதிராக அடுக்கிக்கொண்டிருந்தார். மூடியைச் சாத்தியதும் அது உறுமத் தொடங்கியது. அந்தச் சத்தத்துக்குள்தான் பேசினார்.

"கோபம்கூட முழுசா வரமாட்டேங்குது. திட்டலாம்னு வாயைத் திறந்தா, அந்த நாற்காலிதான் கண்ணுல படுது. காய்ச்சலோட வந்து உக்காந்திருப்பாங்க. யார் கையிலயாவது அறை நம்பர் தப்பா எழுதிட்டா, வராந்தா முழுக்க அந்த ஆளைத் தேடிக்கிட்டு ஓடுவாங்க. எழுபத்தஞ்சு வயசுல ஓடுவாங்க, பார்த்திருக்கேல்ல? ஊரார் தப்பைத் திருத்த அவ்வளவு ஓட்டம். என் தப்பு, இல்லல்ல, அவங்க தப்பு, ஒரே வீடு, பக்கத்து அறை. நாலு எட்டு வைக்க முடியலை."



"நாளைக்கு என்ன பேசப் போறீங்கக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

"தெரியலை. போ, உன் அறை வாசல்ல கால் உடைஞ்சவன் ஒருத்தன் நொண்டிக்கிட்டு நிக்கறான்."

*

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கூடம் நிரம்பிவிட்டது. டாக்டர்கள், நர்சுகள், துப்புரவுப் பணியாளர்கள், பழைய மாணவர்கள், எப்போதோ உள்ளங்கையில் எண் வாங்கிய நோயாளிகள். மழை ஓய்ந்து வெயில் சுள்ளென்று வந்திருந்தது. நனைந்த செருப்புகளின் வாடை.

தம்பிக்காரர் தன் பக்கத்தை வாசித்தார். நீதியின் திருவுருவை எடுத்திருந்தார். ஆனால் பயனில்லை. அவருக்குப் பின்னால் பேசிய மூன்று பேரும் அதே கதையைச் சொன்னார்கள். மூன்றாவது ஆள் இரண்டு மதிப்பெண்ணை அரை மதிப்பெண்ணாகக் குறைத்துவிட்டார்.

பிறகு அக்காவைக் கூப்பிட்டார்கள். கையில் தாள் இல்லை. ஒலிபெருக்கியைத் தன் உயரத்துக்கு இழுத்துக்கொண்டார்.

"எங்கம்மாவைப் பத்தி எல்லாரும் நல்லாப் பேசினீங்க. அவங்களோட குடித்தனம் பண்ணது நான். ரொம்பக் கஷ்டம்." கொஞ்சம் சிரிப்பு எழுந்தது. "இந்தச் சுவர்ல இருக்கற போர்டுல ஒரு எழுத்துப் பிழை விடமாட்டாங்க. உங்க யாரையும் தப்பான அறைக்கு அனுப்பினது இல்லை. அனுப்பினா ஓடிவந்து திருத்துவாங்க. அதெல்லாம் உண்மை. ஆனா நீங்க மூணு பேரும் சொன்ன கதை உண்மையில்லை. நான் எட்டாம் வகுப்புல பெயிலாகலை. கடைசிப் பக்கத்தைத் திருத்த விட்டுட்டாங்க. நான் நாப்பத்தொண்ணு. அது அவங்களுக்குப் பின்னாடி தெரியும். தெரிஞ்சும் மாத்தலை. எனக்கு இது தெரிஞ்சது முந்தாநாள். அவ்வளவுதான்."

 முன்வரிசையில் டிரில் மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அக்கா இறங்கி வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். 

நன்றி சொல்லப் பெரிய டாக்டர் எழுந்தார். மருத்துவமனையின் தலைவர். நல்ல மனிதர்தான். ஆனால் மேடையில் ஏறினால் எல்லாவற்றையும் அழகாக முடித்துவைக்க வேண்டும் என்ற வியாதி உண்டு.

"இப்போ இந்த அம்மா சொன்னதைக் கேட்டு என் கண் கலங்கிப்போச்சு" என்றார். "யோசிச்சுப் பாருங்க. தன் பொண்ணு பாஸ்னு தெரிஞ்சும், சலுகை காட்டினதா ஒரு சொல் வந்துடக் கூடாதுன்னு, நெஞ்சைக் கல்லாக்கிக்கிட்டு இருந்தாங்களே, அந்த நேர்மை! அந்தத் தியாகம்! யாருக்கு வரும்?"

கை தட்டத் தொடங்கினார்கள்.

அக்கா எழுந்தார். ஒலிபெருக்கிக்குப் போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே கத்தினார்.

"சார்! கொஞ்சம் நிறுத்துங்க. எத்தனை தடவை சொன்னா உங்களுக்குப் புரியும்? அது நேர்மை இல்லை. பயம். எங்கம்மா பயந்தாங்க. உங்களுக்குத்தான் பயந்தாங்க. இதோ இந்தக் கைதட்டலுக்குப் பயந்தாங்க. பயந்துபோய் என்னை விட்டுட்டாங்க. பயப்படட்டும், மனுஷி, தப்புப் பண்ணினாங்க, அப்படியே விடுங்க. அதையும் எடுத்து மாலை போடாதீங்க. போதும், இதுக்கு மேல என்னால தாங்க முடியாது."

யாரும் தட்டவில்லை. பெரிய டாக்டர் கூட்டம் முடிந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். வெளியே போகும்போது துப்புரவுப் பணி செய்யும் பெண் ஒருத்தி அக்காவின் தோளைத் தொட்டு, "நாப்பத்தொண்ணு நல்ல மார்க்குதான்கா. நான்லாம் பதினேழு" என்றாள். அன்று அக்காவுக்கு வந்த ஒரே பாராட்டு அதுதான்.

*

நடந்தே வீட்டுக்குப் போனோம். மெக்கானிக் அண்ணன் முன்னால் போய்க்கொண்டிருந்தார். சாலையோரத்தில் தேங்கிய தண்ணீரைச் சுற்றிச் சுற்றி, அக்காவும் தம்பிக்காரரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நடந்தார்கள். தையல் கடை தாண்டியதும் தம்பிக்காரர் நின்றுவிட்டார்.

"அக்கா."

"என்ன? பேரு கெட்டுப்போச்சா?"

"அதில்லை. அந்தக் கதையை என் பசங்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன் தெரியுமா? ஒழுங்காப் படிக்கலைன்னா அத்தை மாதிரி ஆயிடுவீங்கன்னு..."  கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுக்குக் கைக்குட்டையால் துடைத்ததால் அது இன்னும் மங்கியது.

 "போனை எடு" என்றார் அக்கா.

"எதுக்கு?"

"எடுடா. பெரியவளுக்குப் போடு. இப்பவே மாத்திச் சொல்லு."

"வீட்டுக்குப் போய்ப் பேசறேனே, நடுரோட்டுல..."

"நாப்பத்தாறு வருஷம் நடுரோட்டுலதான் சொன்னீங்க. போடு."

அவர் போட்டார். மகள் எடுத்தாள். அவர் ஒரு கையால் வாயை மறைத்துக்கொண்டு முணுமுணுத்தார். "ஒண்ணுமில்லைம்மா... கூட்டம் நல்லபடியா முடிஞ்சது... அத்தையைப் பத்தி ஒரு விஷயம்... எட்டாம் வகுப்பு... அது வந்து..."

அக்கா இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு எதிரே நின்றார்.

"சத்தமாச் சொல்லு. எனக்கே கேக்கலை."

"அத்தை பாஸ்மா" என்றார் தம்பிக்காரர்.

"இன்னும்."

"அத்தை பாஸ்! எட்டாம் வகுப்புல அத்தை பாஸ்! நாப்பத்தொண்ணு!" என்று அவர் கத்தினார். தையல் கடைக்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வெளியே எட்டிப் பார்த்தார். சைக்கிளில் போன ஒருவர் ஒரு காலை ஊன்றி நின்றார். யார் வீட்டுக் குழந்தைக்கு ரிசல்ட் வந்திருக்கிறது என்று அவர்களுக்குப் புரியவில்லை.